மதுரையில் போட்ட முடிச்சு

"சம்மர் லீவுக்கு மதுரையா? அங்க என்னம்மா இருக்கு?" ஜூன் மாதம் முழுக்க எங்கள் டொராண்டோ வீட்டில் இதே கேள்விதான். பதினைந்து வயது மகளுக்குத் தையல் மெஷின்தான் உயிர். ஆனால் பள்ளி ஆர்ட் ப்ராஜெக்டுக்கு எதைத் தைப்பது என்று இரண்டு மாதமாக ஒன்றும் தோன்றவில்லை. போனில் படம் படமாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடியது.

இன்னொரு பக்கம், ஒன்டாரியோவில் ஹைஸ்கூல் முடிக்க 40 மணி நேரம் தன்னார்வப் பணி செய்தாக வேண்டுமே! அதற்காகச் சனிக்கிழமைகளில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். மறதி நோய் உள்ளவர்கள் இருக்கும் பகுதி. "ஒரு யாழ்ப்பாணப் பாட்டி இருக்காங்கம்மா. யாரோடயும் பேசறதில்ல. போர்வை நுனியைத் திருகிக்கிட்டே இருக்காங்க" என்பாள். நான் அதைப் பெரிதாகக் காதில் வாங்கவில்லை.

மதுரையில் என் அம்மா பீரோவிலிருந்து பழைய சுங்குடிப் புடவை ஒன்றை எடுத்துக் காட்டினார். சிவப்பில் வெள்ளைப் புள்ளிகள். ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. "பிரிண்ட் சரியில்ல அம்மாச்சி" என்றாள் மகள். அம்மாவுக்குச் சுருக்கென்றது. "பிரிண்டா? ஒவ்வொண்ணும் கையால கட்டுன முடிச்சுடீ!"

மறுநாளே தெரிந்த சௌராஷ்டிரக் குடும்பம் ஒன்றின் வீட்டுக்குக் கூட்டிப்போனார். சுங்குடி அவர்கள் கைத்தொழில். 2005-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் இன்று கடைகளில் சுங்குடி என்று விற்பதில் நிறைய மெழுகு அச்சும் ஸ்கிரீன் பிரிண்டும்தான். (நானும் அப்படி இரண்டு வாங்கியிருக்கிறேன்.)

அந்த வீட்டு அம்மா நகத்தால் துணியைத் துளியூண்டு கிள்ளி, நூலை நாலைந்து சுற்றுச் சுற்றி இறுக்கினார். சாயம் உள்ளே போகாத இடம்தான் புள்ளி. "பாத்துட்டே இருந்தா வருமா கண்ணு? உக்காரு" என்றார். மகள் மதியம் முழுக்கக் கட்டினாள். சாயத்தில் முக்கியதும் பாதி முடிச்சு அவிழ்ந்து, கைக்குட்டை வெறும் சிவப்பாக வந்தது. அழுகை முட்டியது. அடுத்த நாலு நாளும் அங்கேதான் இருந்தாள். கடைசியில் வந்தது நாற்பது புள்ளி. ஆனால் அவள் கண் புள்ளிமேல் இல்லை. சாயம் காய்ந்து, முடிச்சு பிரிக்காத துணி மொச்சைக்கொட்டை கோத்தமாதிரி முண்டு முண்டாக இருந்தது. அதையே தடவிக்கொண்டிருந்தவள், "அந்தப் பாட்டிக்கு இது பிடிக்கும்மா" என்றாள்.

டொராண்டோ திரும்பியதும் மடியில் போட்டுக்கொள்கிற அளவுக்கு ஒரு குவில்ட் தைத்தாள். மறதி உள்ளவர்களின் கை அலைபாயாமல் இருக்க ஜிப், பட்டன், ரிப்பன் வைத்துத் தைப்பது அங்கே வழக்கம்தான். இவள் அதில் முடிச்சுகளை வைத்தாள். நர்ஸ் பார்த்துவிட்டு, நூல் கழன்றால் வாயில் போட்டுக்கொள்வார்கள், வேண்டாம் என்றார். சரிதானே! எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, தடித்த பருத்திக் கயிறுகளை ஒரு முனையில் கெட்டியாகத் தைத்து, மறுமுனையைச் சின்னதாக முடிச்சுப் போட்டாள். ஆர்ட் ப்ராஜெக்டாகவும் அதையே கொடுத்தாள். மார்க் சுமார்தான்.

பாட்டி அதை மடியில் வைத்து நெடுநேரம் தடவினார். பிறகு, "இது ஆர் கட்டினது? நல்லா இறுக்கிப்போட்டாய் பிள்ளை" என்றார். மாலைக்குள் எல்லா முடிச்சையும் அவிழ்த்துவிட்டார்.

40 மணி நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. இன்னும் சனிக்கிழமைதோறும் போய் முடிச்சுப் போட்டுவிட்டு வருகிறாள்.