கையெழுத்தாகும் முன் கேட்க வேண்டியது

ஊருக்குக் குடிநீர்த் திட்டமோ பேருந்து நிலையமோ வருகிறது என்றால் எத்தனை கோடி, எப்போது முடியும் என்று கேட்கிறோம். பணத்தை யார் போடுகிறார்கள், என்ன நிபந்தனையில் போடுகிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. பெரிய வேலைகளுக்குச் சொத்து வரியும் அரசு மானியமும் போதாததால் உள்ளாட்சிகள் கூட்டாளிகளைத் தேடுகின்றன: கடன் தரும் நிதியம், கட்டி நடத்தும் தனியார் நிறுவனம், பங்குத்தொகை கட்டும் பொதுமக்கள். தேடுவதில் தவறில்லை. ஆனால் போட்ட கணக்கு பொய்த்தால் நஷ்டம் யார் தலையில் விழும் என்பதை ஒப்பந்தத்தின் சில பக்கங்களே முடிவு செய்கின்றன. அந்தப் பக்கங்கள் கையெழுத்தாகும் முன்பே மக்கள் பார்வைக்கு வர வேண்டும்.

வெளிப்படையாகப் பேசினால் மக்கள் பணம் கொடுக்கவும் தயங்குவதில்லை என்பதற்கு ஆலந்தூர் சாட்சி. 1990களின் பிற்பகுதியில், சென்னையை ஒட்டித் தனி நகராட்சியாக இருந்த அந்த ஊர் செப்டிக் டேங்கையும் கழிவுநீர் லாரியையும் நம்பியிருந்தது. பாதாளச் சாக்கடைக்கு அரசு மானியத்துக்காகக் காத்திருக்காமல், வீட்டுக்கு 5,000 ரூபாய், கடைகளுக்கும் தொழிற்கூடங்களுக்கும் 10,000 ரூபாய் என்று நகராட்சி டெபாசிட் கேட்டது. அதற்கு முன் வீடுவீடாகக் கருத்துக் கேட்டார்கள். குடியிருப்போர் சங்கங்களைக் கூட்டி, மாதக் கட்டணம் எவ்வளவு வரும் என்பதையும் சொன்னார்கள். மீதித் தொகையில் பெரும்பகுதி தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் போன்ற அமைப்புகளின் கடன். சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் நிறுவனம் தன் முதலீட்டில் கட்டி, குறிப்பிட்ட காலம் நடத்தி, பிறகு ஒப்படைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நகராட்சியிடம் பணம் குறைவுதான். ஆனால் என்ன வாங்குகிறோம், என்ன விலைக்கு என்று மக்களுக்குத் தெரிந்திருந்தது.

திருப்பூரில் நடந்ததைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் அங்கே கணக்கு பொய்த்தது. மாநில அரசு, ஏற்றுமதியாளர் சங்கம், நிதி நிறுவனம் ஆகியவை சேர்ந்து 1995-இல் தொடங்கிய நிறுவனம், சுமார் 1,000 கோடி ரூபாயில் நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் தண்ணீர் கொண்டுவரும் திட்டத்தை 30 ஆண்டு உரிமத்தில் எடுத்தது. போட்ட கணக்கு இது: சாயப்பட்டறைகள் அதிக விலை கொடுக்கும். அந்த வருமானத்தில் வீடுகளுக்கும் வழியோரக் கிராமங்களுக்கும் மலிவாகத் தண்ணீர் போகும். நல்ல யோசனைதான். ஆனால் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், காசு கொடுத்துவந்த வாடிக்கையாளரே இல்லாமல் போனார். நிறுவனத்தின் கடனை மறுசீரமைக்க வேண்டியதாயிற்று. பட்டறைகள் ஆற்றை மாசுபடுத்துவது திட்டம் போடும்போதே ஊரறிந்த சங்கதி. ஒரே தொழிலை நம்பிய வருமானம் நின்றால் யார் ஈடுகட்டுவது என்ற கேள்வி அப்போதே பொதுவெளியில் எழுந்திருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தை வெளியிட்டால் முதலீட்டாளர் ஓடிவிடுவார், அதில் வணிக ரகசியம் இருக்கிறது என்பார்கள். இந்த வாதத்துக்குப் பதில் திருப்பூரிலிருந்தே கிடைத்தது. அந்த நிறுவனத்திடம் தகவல் கேட்டபோது, நாங்கள் தனியார், எங்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பொருந்தாது என்றது. தகவல் ஆணையம் அதை ஏற்கவில்லை. 2010-இல் உயர்நீதிமன்றமும் அது அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட பொது அதிகார அமைப்பே என்றது. உண்மையான தொழில்நுட்ப ரகசியத்துக்கு அந்தச் சட்டமே பாதுகாப்புத் தருகிறது. பொதுநலன் பெரிதாக இருந்தால் அதையும் வெளியிடச் சொல்கிறது. கட்டணம் எப்போது உயரும், குறைந்தபட்ச வருமானத்துக்கு யார் உத்தரவாதம் தருகிறார்கள் என்பவை தொழில்நுட்ப ரகசியம் ஆகமாட்டா.

அதையெல்லாம் கவுன்சிலர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது இன்னொரு பதில். கோவையின் பழைய மாநகராட்சிப் பகுதியில் 24 மணி நேரக் குடிநீர் வழங்க 26 ஆண்டு ஒப்பந்தம் சூயஸ் நிறுவனத்துடன் 2018-இல் கையெழுத்தானது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த மாமன்றத்துக்கு 2022 பிப்ரவரியில்தான் மறுபடி தேர்தல் நடந்தது. திட்டம் நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். ஒரு தலைமுறைக்கு ஊரைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் கையெழுத்தான நாளில், கேள்வி கேட்கக் கவுன்சிலர் ஒருவரும் இல்லை. ஆகவே குடிமக்கள் நேரடியாகக் கேட்கத்தான் வேண்டும்.

சிறிய திட்டங்களிலும் இதே விழிப்பு தேவை. நமக்கு நாமே திட்டத்தில் பொதுவாகச் செலவில் மூன்றிலொரு பங்கு மக்கள் தர வேண்டும். கட்ட வசதியுள்ள தெருவுக்குப் பூங்கா முந்திக்கொள்ளும், கூலி வேலை செய்வோர் தெருவுக்குச் சாக்கடையே பிந்திப்போகும் ஆபத்து இதில் உண்டு. எந்தெந்த வார்டுக்கு எவ்வளவு போனது என்ற பட்டியலைக் கேட்டாலே இது தெரிந்துவிடும்.

கேட்கும் வழி கடினமில்லை. கிராமத்தில் கிராம சபை. நகரத்தில் பகுதி சபையும் வார்டு குழுவும். மனுவைக் கூட்டத்தில் படித்தால் போதாது, தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொல்ல வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பித்தால் 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலரிடம் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். முறைகேடு என்று நம்ப ஆதாரம் இருந்தால் உள்ளாட்சிகளுக்கான முறைமன்ற நடுவத்தில் புகார் செய்யலாம். உயர்நீதிமன்றத்தின் கதவும் திறந்தே இருக்கிறது. விண்ணப்பத்தில் "திட்ட விவரம் தருக" என்று பொதுவாக எழுதினால் விளம்பரத் துண்டறிக்கைதான் வரும். ஒப்பந்தத்தின் முழு நகல், இணைப்புகள், கட்டண உயர்வு விதி, குறைந்தபட்சத் தொகை உறுதி, சேவை குறைந்தால் விதிக்கும் அபராதம், இதுவரை வசூலித்த அபராதம், ஒப்பந்தம் பாதியில் முறிந்தால் தர வேண்டிய இழப்பீடு என ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.