டீக்குக் கலர் எதுக்கு?

நல்ல டீ எதுன்னு நாலு பேரைக் கேட்டால் நாலு பதில் வரும். எங்க மணவூரில் கேட்டாலும் அப்படித்தான். காலை ரயிலுக்குப் பூக்கூடையோடு ஓடுகிறவருக்கு டீ சுடச்சுட இருந்தால் போதும், ருசி அப்புறம்தான். கரும்பு வெட்ட வர்றவங்களுக்குச் சக்கரை தூக்கலா இருக்கணும். என் அம்மாவுக்கு இஞ்சி தட்டிப் போடாத டீ டீயே கிடையாது. மாமா பால் ஊத்தினாலே முகம் சுளிப்பார். ஒரு துண்டு வெல்லத்தைக் கடிச்சுக்கிட்டு வெறும் டீ குடிக்கிறதுதான் அவருக்குப் பிடிக்கும். இலங்கை மலையகத்தில் இதைத்தான் பிளேன்டீ என்பார்கள்.

இத்தனை பேரும் ஒத்துப்போற விஷயம் ஒண்ணு உண்டு. டீ நல்லா கலரா இருக்கணும். கலர் இல்லேன்னா 'இன்னாண்ணா, தண்ணி டீ போட்டுட்டே'ன்னு கேட்டுடுவாங்க. இந்தக் கலர் ஆசைக்கு யார் விலை கொடுக்கிறாங்கன்னு யோசிச்சுப் பார்த்திருக்கோமா? ஒரு கிளாஸ் டீயில் மூணு விவசாயி இருக்கார். பால் கறக்கிறவரும் கரும்பு போடுகிறவரும் நம்ம பக்கத்திலேயே இருக்காங்க. மூணாவது ஆள் குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் மலைச்சரிவில் இருக்கார். அவர் முகத்தை நாம் பார்த்ததே இல்லை. இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது.

தூள் எப்படித் தூளாச்சு?

தேயிலையில் ஒரு மொட்டும் அதையொட்டிய ரெண்டு இளம் இலையும்தான் நல்ல பறிப்பு. பறிச்ச இலையை வாட வைப்பாங்க. அப்புறம் நசுக்கி, காற்று பட விட்டு, சூட்டில் உலர்த்துவாங்க. காற்று படும்போதுதான் பச்சை இலை செம்பு நிறமா மாறும். இலையைச் சுருட்டி முழுசா எடுத்தால் இலைத் தேயிலை. மணம் அதிகம், நிறம் கம்மி. பல்லு வச்ச உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கி, கிழித்து, உருட்டினால் குருணை மாதிரி வரும். இதுதான் சி.டி.சி. முறை, 1930-களில் அசாமில் வந்தது. அதைச் சலிக்கும்போது கீழே விழுகிற பொடிதான் நம்ம கடைகளில் புழங்குகிற டஸ்ட் டீ.

பொடியில் சாறு சீக்கிரம் இறங்கும். கொஞ்சம் போட்டாலே நிறம் ஏறும், கிலோவுக்கு நிறைய கிளாஸ் தேறும். கடைக்காரருக்கு அதுதான் கட்டுப்படியாகும், அதில் குற்றம் இல்லை. ஆனால் மலிவாகவும் வேணும், கறுப்பாகவும் வேணும்னு கேட்கிற இடத்தில் கலப்படம் நுழையுது. ஒருமுறை காய்ச்சிய சக்கையை உலர்த்திச் சாயம் ஏற்றி விற்கிறாங்க. முந்திரித் தோல் பொடியும் கலக்கறாங்க. டீத்தூளில் செயற்கை நிறம் எதுவும் சேர்க்கக் கூடாதுங்கிறது சட்டம்.

வீட்டிலேயே சோதிச்சுப் பார்க்கலாம். மை ஒற்றுகிற தாளையோ வடிதாளையோ நனைச்சு, அதன் மேல் கொஞ்சம் தூளைத் தூவி, சில நிமிஷம் விட்டு உதறுங்க. மஞ்சளோ சிவப்போ திட்டுத்திட்டா படிஞ்சிருந்தால் சாயம். ஒரு காந்தத்தைத் தூளுக்குள் சுற்றிப் பாருங்க. இரும்புத் துகள் இருந்தால் ஒட்டிக்கும்.

நல்ல நீலகிரித் தூளில் பால் ஊத்தினால் செங்கல் கலந்த பொன்நிறம் வரும். கன்னங்கரேலென வராது. எங்க ஊர்க் கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். 'எனக்குத் தெரியும் நைனா. நல்ல தூள் போட்டா கலர் வர்லன்னு கிளாஸைத் திருப்பிக் குடுக்கறாங்க. நான் இன்னா பண்றது?' என்றார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? கேட்கிறது நாமதானே.

நான் கொஞ்சம் கரும்பை ஆலைக்கு அனுப்பாமல் வெல்லம் காய்ச்சுகிறவன். அங்கேயும் இதே கதைதான். வெல்லம் வெளுப்பா இருந்தாத்தான் சந்தையில் எடுப்பாங்க. அதுக்காகத்தான் பாகில் ஹைட்ராஸ் போடற பழக்கம் வந்தது. வெல்லம் வெளுக்கணும், டீ கறுக்கணும். ரெண்டிலும் நிறத்தைப் பார்த்து வாங்குகிறோம், ருசியை மறந்துடறோம்.

இலைக்கு என்ன விலை?

ஒரு கிலோ டீத்தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேணும். சிறு விவசாயிகளிடம் ஆலை கிடையாது. இலையைப் பறிச்ச அன்னைக்கே ஆலைக்குக் கொடுத்தாகணும், வச்சிருந்து விற்க முடியாது. கரும்பு போடுகிற நமக்கு இந்த நிலைமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

2003-ஆம் ஆண்டின் தேயிலைச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ், தூள் விற்ற விலையை வச்சு இலைக்கு விலை கணக்கிடறாங்க. சி.டி.சி. தூளுக்கு, வருகிற பணத்தில் நூற்றுக்கு 65 பங்கு இலை கொடுத்தவருக்கு, 35 பங்கு ஆலைக்கு. கேட்க நல்லாத்தான் இருக்கு. கணக்குப் போட்டுப் பாருங்க. தூள் கிலோ 100 ரூபாய்க்குப் போனால் விவசாயி பங்கு 65 ரூபாய். அதை நாலு, நாலரைக் கிலோ இலைக்குப் பிரிச்சால் கிலோவுக்குச் சுமார் 15 ரூபாய். பறிகூலி, உரம், வண்டிச் சத்தம் எல்லாம் அதிலேதான். 2023 செப்டம்பரில் நீலகிரிச் சிறு விவசாயிகள் கிலோ இலைக்கு 33.75 ரூபாய் குறைந்தபட்ச விலை கேட்டுத் தொடர் உண்ணாவிரதம் இருந்தாங்க.

விலை கட்டுப்படியாகாதவர் என்ன செய்வார்? ஆள் வச்சு மொட்டும் இலையுமாப் பார்த்துக் கிள்ள முடியாது. கத்தரியைப் போட்டு முத்தின இலை, தண்டு எல்லாத்தையும் சேர்த்து வெட்டுவார். தூள் தரம் இறங்கும், ஏல விலை இறங்கும், இலை விலை இன்னும் இறங்கும். செக்கு மாடு மாதிரி அதே வட்டம்.

கழுவாத இலை

நாம் கீரையைக் கழுவறோம், அரிசியைக் களையறோம். தேயிலையை யாரும் கழுவறதில்லை. செடியில் தெளிச்ச மருந்து, மழையில் போனது போக மிச்சம் இருந்தால், இலையோடவே உலர்ந்துடும். அதன் மேல் முதல்ல படுகிற தண்ணி நம்ம வீட்டுக் கொதிதண்ணிதான். அதோட, ஒரு வாரம் பத்து நாளைக்கு ஒரு தடவைகூடப் பறிக்கிற பயிர் இது. மருந்துக்கும் பறிப்புக்கும் நடுவே நாள் கம்மி.

2014-ல் கிரீன்பீஸ் அமைப்பு நம் சந்தையில் விற்ற 49 டீத்தூள் மாதிரிகளைச் சோதிச்சது. நூற்றுக்கு 94 மாதிரிகளில் ஏதாவது ஒரு பூச்சிக்கொல்லி எச்சம் இருந்தது. எல்லாம் இந்திய வரம்புக்குள்தான் இருக்குன்னு தேயிலை வாரியம் பதில் சொன்னது. வரம்புக்குள்ளேயே இருக்கட்டும். ஒரு நாளைக்கு நாலு கிளாஸ் குடிக்கிற கூலிக்காரருக்கும், டீயில் தோய்ச்ச பன் தின்கிற குழந்தைக்கும் அது எதுக்கு? மருந்து இல்லாமல் தேயிலை வராதுன்னு சொல்றவங்க நீலகிரியின் கொரக்குந்தா தோட்டத்தைப் பார்க்கட்டும். அங்கே இயற்கை முறையில்தான் விளைவிக்கிறாங்க.

எங்க வீட்டு டீ

தண்ணி முதல்ல. உப்புத் தண்ணியில் டீ மங்கலாகும், மேலே ஆடை மாதிரி படியும். பிடிச்சு வச்ச மழைத்தண்ணி கிடைச்சால் அதுக்கு ஈடு இல்லை. தண்ணி தளதளன்னு கொதிச்சதும் இறக்கி, கிளாஸுக்கு ஒரு சின்ன ஸ்பூன் தூள் போட்டு மூடி வைங்க. மூணு, நாலு நிமிஷம் போதும். போட்டுக் கொதிக்கக் கொதிக்கத் துவர்ப்பும் கசப்பும்தான் இறங்கும், அதை மறைக்க ரெண்டு ஸ்பூன் சக்கரை கூடும். பாலைத் தனியாக் காய்ச்சிக் கலக்குங்க. பாலில் இருக்கிற புரதம் துவர்ப்பைப் பிடிச்சுக்கும். கறந்த பாலாக இருந்தால் கொஞ்சம் ஊத்தினாலே போதும்.

வெல்லம் போட்டால் டீ திரியுதுன்னு பல பேர் சொல்றாங்க. வெல்லத்தில் லேசான புளிப்பு உண்டு. அடுப்பில் கொதிக்கிற பாலில் அது பட்டால் திரியத்தான் செய்யும். பொடிச்ச வெல்லத்தைக் கிளாஸில் போட்டு, இறக்கின டீயைக் கொஞ்சம் ஆற விட்டு ஊத்துங்க. எனக்குப் பிடிச்ச டீ அதுதான். அம்மாவுக்கு மட்டும் இஞ்சி. இன்னொண்ணு, சாப்பாட்டோட சேர்த்து டீ குடிக்காதீங்க. உணவில் இருக்கிற இரும்புச் சத்து உடம்பில் சேர்றதை டீ தடுக்கும். ரத்தசோகை இருக்கிற பெண்கள் ஒரு மணி நேரம் விட்டே குடிக்கணும்.

ஐம்பது பைசா கணக்கு

நல்ல தூள் விலை ஜாஸ்தின்னு தயங்கறோம். ஒரு கிலோவில் சுமார் 400 கிளாஸ் போடலாம். கிலோவுக்கு 200 ரூபாய் அதிகம் கொடுத்தாலும் கிளாஸுக்கு ஐம்பது பைசாதான் கூடும். அந்த ஐம்பது பைசா ஒழுங்கா மலைக்குப் போய்ச் சேர்ந்தால் கத்தரியை வச்சுட்டு அவர் கையால் கிள்ளுவார்.

சேரணும்னா வாங்குகிற இடத்தைப் பார்க்கணும். சிறு விவசாயிகளின் 16 கூட்டுறவு ஆலைகளைச் சேர்த்த இன்கோசர்வ் அமைப்பின் தூள் கிடைக்குது. அது எல்லாமே இயற்கை முறை இல்லை, ஆனால் இலை சிறு விவசாயியுடையது. இயற்கை முறைத் தூள் வேணும்னா உறையில் இந்தியா ஆர்கானிக் அல்லது ஜைவிக் பாரத் முத்திரை இருக்கான்னு பாருங்க. அதைவிட நல்ல வழி ஒண்ணு உண்டு. நம்ம குழுக்கள் நீலகிரி இயற்கை விவசாயிகளோட நேரடியாப் பேசலாம். நம்மகிட்ட வெல்லம், கடலை எண்ணெய், அரிசி இருக்கு. அவங்ககிட்ட தேயிலை இருக்கு. நடுவில் யாரும் வேண்டாம்.

நெல்லுக்கும் கரும்புக்கும் கட்டுப்படியாகிற விலை கேட்டு ரோட்டில் உட்கார்றோம். அதே கேள்வியைக் கேட்கிற மலை விவசாயிக்கு நாம் வாங்குகிறவங்க. அடுத்த தடவை தூள் வாங்கும்போது கலரைக் கேட்காதீங்க. யார் தோட்டத்து இலை, என்ன தெளிச்சாங்கன்னு கேளுங்க.