கபாலியின் மாடவீதியில் பிறந்த பாடல்கள்

கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் ஆலயத் திருவிழா என்றால் காவடியும் நாதஸ்வரமும் மட்டுமல்ல, மாலையில் இன்னிசைக் கச்சேரியும் உண்டு. பிரிக்பீல்ட்ஸில் இசை பயிலும் பிள்ளைகள் பாடும் தமிழ்க் கீர்த்தனைகள் பலவற்றில் 'இராமதாசன்' என்னும் முத்திரை ஒலிக்கும். யாரோ பழங்காலத்து அடியார் என்று எண்ணிவிடலாகாது. அவர்தாம் பாபநாசம் சிவன்.

1890-ஆம் ஆண்டு தஞ்சைச் சீமையின் போலகம் என்னும் சிற்றூரில் தோன்றிய இராமையா, இளமையிலேயே தந்தையை இழந்து, அன்னையுடன் திருவனந்தபுரம் சென்றார். வடமொழி இலக்கணம் கற்றதும், நீலகண்ட சிவனின் பக்திப் பாடல்களில் தோய்ந்ததும் அங்கேதான். பின்னர் தலங்கள்தோறும் பாடித் திரிந்தவர், நிலையாக வந்து சேர்ந்த இடம் சென்னை மயிலாப்பூர்.

மார்கழி விடியலில், கபாலீசுவரர் ஆலயத்தின் நான்கு மாடவீதிகளிலும் பஜனைக் குழுவோடு பாடி வருவார். இவ்வழக்கத்தைப் பல்லாண்டுகள் கைவிடாது காத்தார். பங்குனிப் பெருவிழாவில் அதிகார நந்தியின் மீது எழுந்தருளிய கபாலியின் அலங்காரங் கண்டு உருகிப் பாடியதே 'காணக் கண் கோடி வேண்டும்' என்னும் காம்போதி இராகக் கீர்த்தனை. சுவாமி புறப்பாட்டைக் கண்ணாரக் கண்டவரின் பாட்டல்லவா அது!

அதே நாவில் திரைப்பாட்டும் பிறந்தது. 'சிவகவி', 'ஹரிதாஸ்' முதலிய படங்களில் தியாகராஜ பாகவதர் பாடிப் புகழ் கொண்டவை அவர் இயற்றிய பாடல்களே. 1939-இல் வெளிவந்த 'தியாகபூமி'யில் சம்பு சாஸ்திரியாக நடித்தவரும் அவரே.

அப்படத்தில் தேசபக்திப் பாடலைப் பாடியவர், அப்போது இருபதே வயதான டி.கே. பட்டம்மாள். காஞ்சிபுரத்தில் பிறந்து, முறையான குருகுலவாசமின்றிக் கேள்வி ஞானத்தாலேயே பெரிதும் வளர்ந்தவர். அந்தணர் குலப் பெண்கள் கச்சேரி மேடை ஏறத் தயங்கிய காலம் அது. சிவனின் பாடல்கள் பலவற்றை அவரிடமே நேரில் பாடங் கேட்டு மேடைக்குக் கொண்டுவந்தார் அம்மையார். திரையில் பக்தியும் தேசியமும் சார்ந்த பாடல்களையே ஏற்பது என்பது அவர் கொண்ட நியமம். இயற்றியவர் வாயிலிருந்து நேரே பெற்ற சொல்லுக்கும், ஏட்டிலிருந்து எடுத்த சொல்லுக்கும் வேறுபாடு உண்டு. பட்டம்மாள் பாடும்போது தமிழ் சிதையாது நிற்கும்.

ஒரு விந்தையும் உண்டு. சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருது 1970-இல் பட்டம்மாளுக்குக் கிட்டியது. அவருக்குப் பாடல் சொல்லித் தந்த சிவனுக்கோ 1971-இல்தான். பத்மபூஷண் விருதிலும் அம்மையார் ஓராண்டு முந்தினார். பாடுபவர் முகம் தெரியும் அளவுக்குப் பாட்டெழுதியவர் முகம் தெரிவதில்லை போலும்!

1973-இல் சிவன் இறைவனடி சேர்ந்தார். 2009-இல் மறையும் வரை பட்டம்மாள் தாம் பெற்ற பாடல்களைச் சீடர்களுக்கு வழங்கி வந்தார். அவருடைய பேத்தி நித்யஸ்ரீ மகாதேவன் இன்று அவற்றை மேடைகளில் பாடுகிறார்.