வெளிறும் மஞ்சள் கரு: எத்தனாலுக்குப் போன சோளமும் செண்டுமல்லியும்

புது தில்லி: பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்கும் முட்டையின் மஞ்சள் கருவுக்கும் என்ன தொடர்பு? இரண்டுக்கும் மக்காச்சோளம் தேவை.

கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் தயாரிப்பதற்கு 2023 டிசம்பரில் மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. அடுத்த மாதமே மக்காச்சோள எத்தனாலின் கொள்முதல் விலை லிட்டருக்கு ரூ.71.86 ஆக உயர்த்தப்பட்டது. வடிப்பாலைகள் சோளத்தை அள்ளத் தொடங்கவே விலை ஏறியது. முட்டைக் கோழித் தீவனத்தில் ஏறத்தாழ பாதி மக்காச்சோளம்தான். கர்நாடகம், ஆந்திரம், பிகார் சோளத்தை நம்பியிருக்கும் நாமக்கல் பண்ணைகளும் இந்தச் சுமையிலிருந்து தப்பவில்லை. பண்ணையாளர்களின் கோரிக்கையை அடுத்து, 2024 ஜூனில் சுமார் 5 லட்சம் டன் இறக்குமதிக்கு 15 சதவீத சலுகை வரி அறிவிக்கப்பட்டது. மரபணு மாற்றிய சோளத்துக்கு அனுமதி இல்லாததால் மியான்மர், உக்ரைன் போன்ற சில நாடுகளையே நாட வேண்டியிருந்தது.

சோளம் விலை ஏறினால் குருணை அரிசி, கம்பு ஆகியவற்றுக்கு மாறுவது பண்ணைகளின் வழக்கம். முட்டை எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ளலாம். நிறத்தைக் காப்பது கடினம். கரோட்டினாய்டு நிறமிகளைக் கோழியின் உடல் உருவாக்குவதில்லை. தீவனத்தில் உள்ளதே கருவில் சேர்கிறது. மஞ்சள் சோளத்தில் லூட்டினும் ஜியாசாந்தினும் உண்டு. குருணையில் அவை இல்லை என்றே சொல்லலாம்.

வெளிறிய கருவில் புரதம் குறைவு என்பது தவறான எண்ணம். ஆனால் வாங்குபவர் கண்ணால்தான் எடை போடுகிறார்.

நிறத்தை மீட்க இயற்கை வழி உண்டு. செண்டுமல்லி இதழின் சாறு கருவுக்கு மஞ்சள் நிறம் தரும். அதனுடன் சிவப்பு மிளகாயிலிருந்து எடுக்கும் காப்சாந்தினைச் சேர்த்தால் ஆரஞ்சுச் சாயல் வரும். நிறம் முழுமையாகத் தெரியச் சுமார் 10 நாள்கள் ஆகும்.

செயற்கை நிறமிகளும் சந்தையில் உள்ளன. அவற்றில் ஒன்றான கான்தாசாந்தினின் அளவை, முட்டைக் கோழித் தீவனத்தில் கிலோவுக்கு 80 மில்லிகிராமிலிருந்து 8 ஆக ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் குறைத்தது; விழித்திரையில் படியும் என்ற அச்சமே காரணம். சீனத்தில் 2006-இல் வாத்துத் தீவனத்தில் சூடான் என்ற தொழிற்சாலைச் சாயத்தையே கலந்தது அம்பலமானது. சிவந்த கருவுக்குக் கிடைத்த கூடுதல் விலைதான் அங்கே ஆசை காட்டியது.

எரிபொருள் கொள்கையை வகுத்தவர்கள் கோழித் தீவனத்தை எந்த அளவுக்குக் கணக்கில் கொண்டார்கள் என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. செண்டுமல்லி கர்நாடகத்திலும் தமிழகத்திலும் ஒப்பந்த முறையில் பயிராகிறது. ஆனால் அதன் சாறு கண் நலத்துக்கான லூட்டின் மாத்திரைகளுக்காக ஏற்றுமதியும் ஆவதால், மலிவாகக் கிடைப்பதில்லை. சிறு பண்ணையாளருக்குக் கைக்கெட்டியவை குதிரை மசாலும் அசோலாவும்தான்.