உயிர்மருத்துவப் பொருட்கள் வழி வடிவமைப்புக் கல்வி

உயிர்மருத்துவப் பொருட்கள் வழி வடிவமைப்புக் கல்வி என்பது, உடலுக்குள் பொருத்தப்படும் ஒரு கருவியை எடுத்துக்காட்டாகக் கொண்டு பொறியியல் வடிவமைப்புச் செயல்முறையைக் கற்பிக்கும் முறை ஆகும். தேவையை வரையறுத்தல், பொருளைத் தேர்தல், உருமாதிரி செய்தல், சோதித்தல், திருத்துதல் ஆகியன இதன் படிகள். பாடநூல்கள் இவற்றை வரிசையாகக் காட்டினாலும், நடைமுறையில் முதற்படிக்கே திரும்ப நேர்வதுண்டு. இதற்கு இந்தியாவில் நல்ல எடுத்துக்காட்டு சித்ரா இதய வால்வு.

சித்ரா வால்வு

வாதக் காய்ச்சலால் இதய வால்வு பழுதடைவோரில் பெரும்பாலோர் ஏழைகள். இறக்குமதி வால்வுகளோ விலை மிக்கவை. எனவே திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில், இதய அறுவை மருத்துவர் எம். எஸ். வலியத்தான், பொறியாளர் ஜி. எஸ். புவனேசுவர் ஆகியோரின் குழு, 1970களின் பிற்பகுதியில் உள்நாட்டு வால்வை உருவாக்கத் தொடங்கியது. உலோகக் கூட்டுக்குள் சாய்ந்து திறந்து மூடும் ஒரு வட்டத்தகடே இவ்வால்வு.

இதயம் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கோடி முறை துடிக்கிறது. அத்தனை முறையும் தகடு கூட்டின்மீது மோதும். ஆகவே கடினமான பொருளே நீடிக்கும் என்று எண்ணத் தோன்றும். செயற்கை நீலக்கல் தகடும் டைட்டானியம் கூடும் கொண்ட மாதிரியில், தகடு தேயவில்லை, கூடு தேய்ந்தது. கூட்டைக் கோபால்ட்-குரோமியக் கலப்புலோகத்துக்கு மாற்றியபின் தகடே உடைந்தது. கடினத்தன்மையும் உடையாத் தன்மையும் வெவ்வேறு என்பதை மாணவர் இவ்விடத்தில் தெளிவாக அறியலாம்.

நான்காம் மாதிரியில், இடுப்பு மூட்டுச் சிகிச்சையில் ஏற்கனவே பயன்பட்ட மீயுயர் மூலக்கூற்று எடைப் பாலிஎத்திலீன் தகடு இடம்பெற்றது. நெகிழி என்றாலும் இது குறைவாகவே தேயும்; எளிதில் உடையாது. தகடு தன் அச்சில் சுழல்வதால் தேய்மானமும் ஒரே இடத்தில் குவிவதில்லை. விரைவுபடுத்திய தேய்மானச் சோதனை, செம்மறியாடுகளில் சோதனை ஆகியவற்றுக்குப் பின், 1990 டிசம்பர் 6 அன்று இவ்வால்வு முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. பின்னர் டி.டி.கே. குழுமம் வணிக உற்பத்தியை மேற்கொண்டது.

தேவையை வரையறுத்தல்

வகுப்பறையில் பெரிதும் விடுபடுவது முதற்படியே. இயந்திர வால்வு பொருத்தப்பட்டவர் குருதி உறையாதிருக்க வாழ்நாள் முழுதும் மாத்திரை உட்கொள்ளவேண்டும். உறையும் நேரத்தை அவ்வப்போது சோதிக்கவும் வேண்டும். அளவு குறைந்தால் வால்வில் குருதி உறையும். கூடினால் குருதிக்கசிவு ஏற்படும். கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையைச் சேர்ந்த நோயாளி ஒருவர், இச்சோதனைக்காக மலையிறங்கிக் கள்ளக்குறிச்சிக்கு வரவேண்டியிருந்தால், பயணச் செலவும் இழக்கும் நாட்கூலியும் வடிவமைப்புக் கட்டுப்பாடுகளாகவே கொள்ளத்தக்கவை. விலங்குத் திசு வால்வுக்கு நெடுங்கால மாத்திரை பொதுவாகத் தேவையில்லை. ஆயினும் இளம் வயதினரிடம் அது விரைவில் சிதைவதால் மீண்டும் அறுவை தேவைப்படும்.