காணாமையும் இன்மையும்

ஒரு பொருளைக் காணாமை வேறு; அப்பொருள் இன்மை வேறு. நிலத்திற் குடம் இல்லையென்று துணிதற்கு, குடம் இருந்தால் அது கண்ணுக்குப் புலனாகியே தீரும் என்னும் உறுதி முதலில் வேண்டும் என்பர் தருக்க நூலார். நல்ல வெளிச்சத்தில் வெறுநிலத்தைப் பார்த்துக் குடமில்லை என்பவன் கூற்று ஏற்கத்தக்கது. இருளில் நின்று அவ்வாறு கூறுவான் கூற்றோ ஏற்கத்தக்கதன்று. எப்பொழுதோ படித்து மறந்த இவ்வுண்மையை எனக்கு மீண்டும் கற்பித்தது ஒரு கணினி.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாணவர் சிலர், வடமராட்சிக் கிராமங்களிலே மூதாட்டியர் பாடிய தாலாட்டுக்களையும் ஒப்பாரிகளையும் கேட்டெழுதிக் கணினியிற் பதித்து வைத்திருந்தனர். ஒருநாட் காலை கணினியை இயக்கியபோது, திரைமுகப்பில் வழமையாகத் தோன்றும் சின்னங்களுள் ஒன்றேனும் காணப்படவில்லை. திருத்த வந்தவர் ஒருவர், "எல்லாம் அழிந்துவிட்டன, வன்தட்டைத் துடைத்துப் புதிதாகப் பதிவதே வழி" என்றார். யானும் இசைந்தேன். சின்னங்கள் மறுநாளே மீண்டன, பாடல்கள் மீளவில்லை. மறுபடியும் கேட்டெழுதச் சென்றபோது, பாடியோருள் இருவர் உயிரோடு இல்லை. சின்னங்கள் மாத்திரமே மறைந்திருத்தல் கூடும் என்பதையும், அதனைச் சிறிது நேரத்திலே சோதித்திருக்கலாம் என்பதையும் பின்னரே கற்றேன். கற்றதைப் பிறர்க்கும் பயன்படுமாறு ஈண்டுக் கூறுகின்றேன்.

சின்னம் என்பது யாது? 1981ஆம் ஆண்டிற் செரொக்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டார் என்னும் கணினி, கோப்பு, கோப்புறை முதலியவற்றைச் சிறு படங்களாகத் திரையில் நிறுத்திக் காட்டியது. அலுவலக மேசையை ஒத்த அத்தோற்றம் இன்றைய திரைமுகப்புக்கு முன்னோடியாகும். ஆனால், நாம் காணும் பிரயோகச் சின்னம் பிரயோகமன்று. அது நூல்நிலையத்துப் பட்டியல் அட்டை போன்றது. அட்டையில் நூலின் பெயரும் அது வைக்கப்பட்ட இடமும் உள. நூலோ அலுமாரியில் உளது. விண்டோஸ் முறைமையிற் குறுக்குவழி எனப்படுவது இத்தகைய அட்டையே. அதனை நீக்கினாற் பிரயோகம் நீங்காது. எனினும், திரைமுகப்பில் நேரே சேமித்த கோப்பின் சின்னத்தை நீக்கினாற் கோப்பே நீங்கும். குறுக்குவழியின் மூலையிற் காணப்படும் சிறு அம்புக்குறி இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டும்.

ஆராயப் புகுவோன் முதலில் வினவ வேண்டியது, மறைந்தவை எல்லாமா, ஒன்றா, படம் மாத்திரமா என்பதே. எல்லாம் மறைந்திருப்பின், திரையின் வெற்றிடத்திலே சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி, வியூ என்னும் பட்டியில் ஷோ டெஸ்க்டொப் ஐகன்ஸ் என்பது தெரிவு செய்யப்பட்டுள்ளதா எனப் பார்க்க. கைதவறி அத்தெரிவு நீங்கினாற் சின்னங்கள் அனைத்தும் ஒருங்கே மறையும். கீழேயுள்ள பணிப்பட்டையும் மறைந்திருப்பின், திரைமுகப்பைத் தோற்றுவிக்கும் எக்ஸ்ப்ளோரர் என்னும் நிரல் நின்றிருத்தல் கூடும். கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மனேஜரைத் திறந்து, புதிய பணியாக எக்ஸ்ப்ளோரரை இயக்குக.

இவற்றாற் பயனில்லையேல், கணினியுள் நுழைந்திருப்பது எப்பயனரின் பெயரிலே என நோக்குக. ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனித் திரைமுகப்பு உண்டு. ஒருவருக்குரிய அமைப்புகளை ஏற்ற இயலாதபோது, விண்டோஸ் அவருக்குத் தற்காலிகமான வெறுந்திரை ஒன்றைக் கொடுப்பதுமுண்டு. அந்நிலையில் அவருடைய பழைய கோப்புகள் பெரும்பாலும் சி என்னும் தட்டிலுள்ள யூசர்ஸ் கோப்புறையில் அவர் பெயரின்கீழே இருக்கும். ஆயின், அத்தற்காலிகத் திரையிற் புதிதாக எதனையும் சேமித்தலாகாது. வெளியேறியவுடன் அது அழியும்.

ஒரு சின்னம் மாத்திரம் மறைந்திருப்பின், ஸ்டார்ட் பட்டியிற் பிரயோகத்தின் பெயரைத் தட்டெழுதித் தேடுக. கிடைத்தால் தொலைந்தது அட்டையே. புதிய குறுக்குவழி அமைத்தல் போதும். சின்னம் இருந்தும் அதன் படம் வெறுந்தாள் போலத் தோன்றுமாயின் இரண்டு காரணங் கூறலாம். படங்களை விரைந்து காட்டுதற்காக விண்டோஸ் சேர்த்து வைத்திருக்கும் படச்சேமிப்புப் பழுதுற்றிருக்கலாம். அச்சேமிப்புக் கோப்புகளை நீக்கிக் கணினியை மீள இயக்கினால் அவை தாமே புதிதாக உருவாகும். அன்றேல், குறுக்குவழி சுட்டும் பிரயோகம் இடம்மாறியோ நீங்கியோ இருக்கலாம். பிரயோகம் நீங்கியதே உண்மையான இன்மை. அப்பொழுதும் அதனை மாத்திரம் மீளப் பதிந்தால் அமையும்.

லினக்ஸ் முறைமையிலே இவ்வுண்மை இன்னுந் தெளிவாகப் புலப்படும். அங்கே அட்டையை எடுத்து வாசிக்கவே முடியும். பிரயோகத்தின் பெயர், இயக்கக் கட்டளை, படத்தின் பெயர் என்பவற்றை வரிவரியாகக் கொண்ட சிறிய எழுத்துக் கோப்புகள், யூஎஸ்ஆர், ஷெயர், அப்ளிக்கேஷன்ஸ் என ஒன்றனுள் ஒன்றாய் அமைந்த கோப்புறைகளில் உள. நோடிஸ்பிளே என்னும் வரியில் ட்ரூ என்றிருப்பின், பிரயோகம் இருந்தும் பட்டியிலே தோன்றாது. குறித்த படம் நடப்பிலுள்ள படத்தொகுதியில் இல்லையேல், ஹைகலர் என்னும் பொதுத்தொகுதியிலே தேடப்படும். இன்னும், 2018இல் வெளிவந்த க்னோம் 3.28, திரைமுகப்பிற் சின்னங்களை வைக்கும் வழக்கத்தையே கைவிட்டது. அங்கே வெறுந்திரை பழுதன்று, இயல்பு.

மேற்கூறிய சோதனைகளுக்குப் பொதுவான தன்மை ஒன்றுண்டு. இவற்றுள் எதுவும் நாம் ஆக்கிய கோப்புகளை அழிப்பதன்று. எளியதிலிருந்து அரியதற்கும், மாற்றக்கூடியதிலிருந்து மாற்றவியலாததற்கும் செல்லுதலே முறை. வன்தட்டைத் துடைத்தல் இறுதிப்படி. அதற்கு முன் கோப்புகளைப் பிறிதோரிடத்திற் படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது.

ஸ்டார் கணினி வெளிவந்த அதே 1981ஆம் ஆண்டிலேதான் யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் எரியூட்டப்பட்டு, ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அங்கே தொலைந்தவை அட்டைகள் மாத்திரமல்ல, நூல்களே தொலைந்தன. மெய்யான இன்மை எத்தகையது என்பதை இவ்வூரார்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அங்ஙனமாகவும், அட்டைகள் சில காணப்படவில்லை என்பதற்காக, மாணவர் சேர்த்து வைத்த சிறியதொரு நூல்நிலையத்தை அழிக்க யான் இசைந்தேன். மாணவர்களே, வெறுந்திரை ஒன்று உங்கள்முன் தோன்றும்போது "இல்லை" என்று சொல்ல விரையாதீர்கள். நிற்பது இருளிலா வெளிச்சத்திலா என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள்.