வேலையளவு காட்டும் பட்டை

கணிப்பொறியில் ஒரு பெருவேலை நடைபெறுங்கால், அஃது எவ்வளவு முடிந்ததென்பதைத் திரையிற் சிறிது சிறிதாக நிரம்பிக் காட்டும் பட்டையை யாவரும் அறிவர். அதன் பயனையும் அமைப்பையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

காத்திருத்தலினும் கால எல்லை அறியாது காத்திருத்தலே துன்பந் தருவது. 1985-ஆம் ஆண்டில் பிராட் மையர்ஸ் என்பார் இப்பட்டையை ஆராய்ந்து, பயன்படுத்துவோர் இதனைப் பெரிதும் விரும்புகின்றனர் எனக் காட்டினர். 10 விநாடிக்கு மேற்படும் வேலைக்கு இத்தகைய குறி வேண்டுமென ஜேக்கப் நீல்சன் 1993-இல் எழுதினர். இஃதின்றேல், பொறி நின்றுவிட்டதெனக் கருதி ஒருவர் மின்விசையை நிறுத்திவிடுவர். பாதி எழுதப்பெற்ற கோப்பு பழுதாகும்.

இனி அமைக்கும் முறை. திரையை வரைவதும், விசைப்பலகையின் கட்டளைகளை ஏற்பதும் பெரும்பாலும் ஒரே செயலிழையின் தொழில்களாம். பெருவேலையையும் அதன்மேற் சுமத்தின், பட்டையை வரைய அதற்குப் பொழுதிராது. வேலை முடிந்த பின்னரே பட்டை ஒருங்கே நிரம்பும். ஆகலின் வேலையை வேறோர் இழைக்கு ஒப்புவித்தல் வேண்டும். அவ்விழை தானே பட்டையைத் தீண்டாது, முடிந்த அளவைத் திரையிழைக்குச் செய்தியாக அனுப்புக. விநாடிக்குச் சிலமுறை அனுப்பின் அமையும். மிகின் வேலையே தடைப்படும்.

அளவுகோலும் நேரியதாதல் வேண்டும். 100 கோப்புகளைப் படியெடுக்குங்கால் எண்ணிக்கையைக் கொள்ளின், சிறியனவாகிய 99-உம் விரைந்து முடிய, எஞ்சிய பெரிய ஒன்றிற் பட்டை அசையாது நிற்கும். பைட்டளவைக் கொள்ளின் இக்குறை பெரிதும் நீங்கும். மொத்தம் தெரியாதவிடத்துப் பொய்யளவு காட்டாது, அங்குமிங்கும் அசையும் பட்டையை இடுக. வேலையை இடையில் நிறுத்தும் பொத்தானும் உடனிருத்தல் நன்று.

அறியாததை அறியேனென்று காட்டும் பட்டையே நம்பத்தக்கதென்பது எம் கருத்து.